பச்சை லேசர் பேனா: வெளிச்சம் வந்தால் ரிப்பேர் முடிந்ததா?

(கீரமங்கலம் மாணவன், மூன்றாமாண்டு, மின்னணுவியல் பிரிவு)



போன மார்கழியில் எங்கள் ஊர்ப் பள்ளி சார் ஒருவர் ஒரு பச்சை லேசர் பேனாவைக் கையில் கொடுத்து, "தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற, இதக் கொஞ்சம் பாரு" என்றார். பிள்ளைகளை ராத்திரியில் குளக்கரைக்குக் கூட்டிப்போய் நட்சத்திரம் காட்டுபவர் அவர். பேனா கை தவறிக் கீழே விழுந்ததிலிருந்து எரியவில்லையாம். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். டார்ச் லைட், மிக்ஸி என்று எது பழுதானாலும் தெருவே என்னிடம்தான் வரும். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சிவப்பு லேசர் பேனாவுக்குள் ஒரு டயோடு, ஒரு லென்ஸ், அவ்வளவுதான். பச்சை அப்படியல்ல. 532 நானோமீட்டர் என்று எழுதியிருக்கும் மலிவான பேனாவுக்குள் இருக்கும் டயோடு பச்சை ஒளியே தருவதில்லை. அது தருவது 808 நானோமீட்டர் அகச்சிவப்பு. அந்த ஒளி நியோடிமியம் கலந்த வனடேட் படிகத்தில் பட்டு 1064 நானோமீட்டராகிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்திருக்கும் கே.டி.பி. படிகம் அலைநீளத்தைப் பாதியாக்கிப் பச்சையாக்குகிறது. இந்தப் பாதியாக்கும் வேலையை 1961இல் அமெரிக்காவில் பிராங்கன் குழுவினர் முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். அவர்கள் படத்தில் இருந்த சின்னப் புள்ளியை அச்சகத்தில் அழுக்கு என்று நினைத்து அழித்துவிட்டார்களாம்! சின்னதாக எதைக் கண்டாலும் அழுக்கு என்று நினைக்கும் வியாதி எனக்கும் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் பேட்டரி. இந்தப் பேனா சிவப்பைவிட அதிகக் கரண்ட் இழுக்கும். கடிகாரத்தில் ஓடும் பழைய செல் இதற்குப் போதாது. புதிதாக இரண்டு அல்கலைன் செல் போட்டேன். எரியவில்லை. ஸ்பிரிங்கில் பேட்டரி கசிந்த வெள்ளைப் பொடி படிந்திருந்தது. எமரித் தாளால் தேய்த்து ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். அப்போதும் இல்லை. பின்மூடியைக் கழற்றி, மூடி இருந்த இடத்தில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, செல்லுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு முனையையும் தொட்டுப் பட்டனை அழுத்தினேன். பூஜ்யம். பட்டனின் ஒரு கால் சால்டர் விட்டிருந்தது. அதை ஒட்டியதும் 280 மில்லி ஆம்பியர். ஆக, டிரைவரும் டயோடும் ஓடுகின்றன. சுவரில் பார்த்தால் மங்கலான பச்சைப் பொட்டு!

இந்த இடத்தில்தான் கை அரிக்கும். போர்டில் ஒரு குட்டித் திருகு மின்தடை இருக்கிறது. அதைத் திருப்பினால் கரண்ட் கூடும், பச்சையும் கூடும். தயவுசெய்து தொடாதீர்கள். ஒரு நொடி மிஞ்சினாலும் டயோடு போய்விடும். குளிரிலும் பச்சை மங்கும், ஏனென்றால் டயோடின் அலைநீளம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 நானோமீட்டர் நகர்கிறது. வனடேட்டுக்கோ 808 ஒட்டித்தான் வேண்டும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். மாற்றமில்லை. விழுந்த அதிர்ச்சியில் படிகம் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும். அதை நம் கையால் நேராக்க முடியாது.

மங்கலாக இருந்தாலும் எரிகிறதே, கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு கணக்கு உறுத்தியது. டயோடு முழுக் கரண்ட்டில் ஓடுகிறது, பச்சை மட்டும் குறைந்திருக்கிறது. அப்படியானால் மிச்ச ஒளி எங்கே போகிறது? 2010இல் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், மலிவான பச்சைப் பேனா ஒன்றிலிருந்து பச்சையைவிடப் பத்து மடங்குக்கு மேல், ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பு வருவதைக் கண்டது. அதைத் தடுக்கும் பில்டர் கண்ணாடி அதில் இல்லை. பச்சை கண்ணில் பட்டால் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும். அகச்சிவப்புக்கு இமை மூடாது, ஆனால் அது நேரே விழித்திரைக்குப் போகும். எங்கள் ஊர்க் குளத்தில் நக்கீரர் சிலை உண்டு. நெற்றிக்கண் சூடு அவருக்காவது உடனே தெரிந்தது.

சோதனைக்கு டி.வி. ரிமோட், செல்போனின் முன் கேமரா, பழைய சி.டி. போதும். முதலில் ரிமோட்டைக் கேமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். திரையில் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கும். பேனாவை வைஸில் கட்டி, ஒரு வெள்ளை அட்டையின் துளை வழியாக 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் நேராகப் படவிடுங்கள். சி.டி.யின் தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். நாம் படித்த கிரேட்டிங் சூத்திரம்தான்! திரும்பி வரும் ஒளியில் பச்சை துளையிலிருந்து 3.5 செ.மீ. தள்ளி அட்டையில் விழும், இரண்டாவது பச்சை 8.9 செ.மீ.யில். 1064இன் புள்ளி அந்த இரண்டாவது பச்சையின் மேலேயே விழுவதால் அதைப் பிரித்தறிய முடியாது. 808 மட்டும் தனியாக 5.9 செ.மீ.யில் விழும். கேமரா அட்டையை மட்டும் பார்க்கட்டும். கற்றைக்கு நேரே கண்ணும் போகக்கூடாது, கேமராவும் போகக்கூடாது. சாதாரணக் கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது.

அட்டையில் வெறும் கண்ணுக்குப் பச்சை இரண்டுதான். கேமரா திரையில் நடுவே வெளுத்த ஊதாவாக இன்னொரு புள்ளி, பச்சையைவிடப் பளிச்சென்று.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்பக்க லென்ஸைக் கழற்றியபோது அரிசிக் குருணை மாதிரி இரண்டு கண்ணாடிச் சில்லு மேசையில் விழுந்தது. உடைந்த தூசி என்று ஊதித் தள்ளிவிட்டேன். அதுதான் பில்டர். மேசைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடி எடுத்தேன். விழுந்ததில் ஏற்கெனவே இரண்டாக உடைந்திருந்தது. ஒட்டினால் விரிசல் வழியாகக் கசியும்.

மறுநாள் சாரிடம் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தேன். "எரியுது சார், ஆனா பிள்ளைங்க கிட்ட இத எடுக்காதீங்க" என்று கேமராவில் எடுத்த படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ சொல்லலேன்னா இன்னிக்கே எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார். அன்று ராத்திரி குளக்கரையில் அவர் டார்ச் லைட்டால்தான் மிருகசீரிடத்தைக் காட்டினார். அந்தப் பேனா இப்போது என் பெட்டியில், பட்டன் ஒயர் வெட்டப்பட்டுக் கிடக்கிறது.