ஃபைபர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

1. ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கும், கம்பத்தில் தொங்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். கரண்ட் இழுப்பது இரண்டு முனைகள்தான்: எக்ஸ்சேஞ்சில் ஓஎல்டி, வீட்டில் ஓஎன்டி பெட்டி.

2. ஃபேன் இரைச்சலும் ஏசியும் பார்த்து, ஓஎல்டிதான் பெரிய செலவு என்று நினைப்பீர்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு ஓஎல்டிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வீட்டுப் பெட்டிகள். மொத்தமாகக் கூட்டினால் வீடுகளே அதிகம் இழுக்கின்றன. அந்தப் பெட்டியை யாரும் அணைப்பதில்லை. வருஷம் முழுக்க 8,760 மணி நேரம் எரிகிறது. பெட்டிக்கு 1 வாட் குறைந்தால், ஆயிரம் வீட்டில் வருஷத்துக்கு 8,760 யூனிட் மிச்சம். புது மாடல் வரும்போது விலையோடு வாட்டையும் கேளுங்கள்.

3. பெட்டியைத் தூங்க விடுங்கள். ஜிபான் முறையில் ஓஎல்டி அனுப்புவது அந்தப் போர்ட்டிலுள்ள எல்லா வீட்டுக்கும் போகிறது. ஒவ்வொரு பெட்டியும் எல்லாவற்றையும் வாங்கி, தனக்கில்லாததைத் தள்ளிவிடுகிறது. வீட்டில் எல்லாரும் உறங்கும்போதும் அது விழித்தே கிடக்கிறது. இதற்கு 2009லேயே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியு) வழி சொல்லிவிட்டது. ஒன்று, அனுப்பும் பகுதியை மட்டும் அணைப்பது. மற்றொன்று, அனுப்பும் பகுதி, வாங்கும் பகுதி இரண்டையும் இடைவெளி விட்டு அணைப்பது. ஓஎல்டி, ஓஎன்டி இரண்டிலும் வசதி இருந்து, செட்டிங்கும் போட்டிருந்தால்தான் நடக்கும். அதே பெட்டியில் லேண்ட்லைன் இருந்தால், தூங்கும் செட்டிங் போட்ட பிறகு போன் அடித்துப் பார்க்காமல் வெளியே வராதீர்கள். மருத்துவரை அழைக்க அதை நம்பியிருக்கும் பெரியவர்கள் உண்டு.

4. ஃபைபர் கனெக்டர் முனையைத் துடைக்காமல் செருகாதீர்கள், ஃபைபரை ஒடுக்கி வளைக்காதீர்கள். இதற்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். ஜிபானின் பி பிளஸ் வகையில் ஓஎல்டியிலிருந்து வீடு வரை வெளிச்சம் மொத்தம் 28 டெசிபல் வரை இழக்கலாம். 64 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே ஏறக்குறைய 20ஐத் தின்றுவிடும். மீதியை அழுக்கிலும் வளைவிலும் தொலைத்தால் ஒரு போர்ட்டை 32 வீட்டோடு நிறுத்த வேண்டியதுதான். அதே 64 வீட்டுக்கு இரண்டு போர்ட் எரியும்.

5. ஓஎல்டியின் காலிப் போர்ட்டில் எஸ்எஃப்பி மாட்யூலைச் செருகி வைக்காதீர்கள். ஒரு கார்டு நிறையாமல் அடுத்ததைத் திறக்காதீர்கள்.

6. ஓஎல்டி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் சூடாகத்தான் அறைக்குள் இறங்குகிறது. அதை வெளியேற்ற ஏசி தனியே கரண்ட் எடுக்கும். ஃபேன் ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள்.

7. நாளைக்குப் போகிற வீட்டில் பெட்டியை ஒரு வாட் மீட்டரில் செருகிப் பாருங்கள். வந்த எண்ணைக் கனெக்ஷன் பதிவேட்டில் எழுதுங்கள்.