அறுவைக்கு முன் ஒரு கண் ஊசி

இனிப்பு நீர் நம்மிடையே புதிய நோயன்று. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. அந்நோய் கண்ணை எப்படித் தாக்குகிறது என்பதை அறிவோம்.

இரத்த ஓட்டம் குன்றிய விழித்திரை, 'விஇஜிஎஃப்' எனும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அதன் தூண்டலால் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியை அடைக்கின்றன. வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் கண்ணழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நசிகிறது.

அறுவை செய்து நீர் வடியப் புதுவழி அமைக்கலாம். ஆனால் அக்குழாய்கள் மெல்லியவை. கத்தி பட்டால் குருதி கசியும். ஆகவே, சில நாள் முன்னரே கண்ணை மரக்கச் செய்து, வெள்ளைப் பகுதி வழியாக 'பெவாசிசுமாப்' மருந்தை 1.25 மில்லிகிராம் அளவில் ஊசியால் செலுத்துவர். இது 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. 2005 முதல் கண் மருத்துவத்திலும் பயன்படுகிறது. புதுக்குழாய்கள் சில நாள்களில் சுருங்கும்.

இங்கேதான் நம் பெரியவர்கள் ஏமாறுகின்றனர். சுங்கை சிப்புட் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, "செவப்பு கொறஞ்சிருச்சே, இனி எதுக்கு ஆப்பரேசன்?" என்றார். மருந்தின் வலிமையோ சில வாரங்களே. ஊசி நோயைத் தீர்ப்பதில்லை. அறுவைக்குக் கண்ணைப் பக்குவப்படுத்துகிறது. விழித்திரைக்கு லேசர் சிகிச்சையும் தேவைப்படும்.

நசிந்த நரம்பு மீளாது. நண்பர்களே, விடுமுறையில் வீடு திரும்பும்போது தாத்தா பாட்டியின் மருத்துவ அட்டையைப் பாருங்கள். குறித்த நாளில் ஈப்போ வரை உடன் செல்லுங்கள்.