ராகி அறுப்புக் காலம்: அஞ்செட்டி, சின்னாறு பக்கம் சைக்கிளில் போகிறவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுநிலத்தின் செம்மண் தடங்களில் சேறு வற்றிவிட்டது. புழுதி இன்னும் கிளம்பவில்லை. கிராவல் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டில் இதைவிட நல்ல தரை வாய்க்காது. யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வந்து நிற்பதும் இதே வாரங்களில்தான். மார்கழி நடுவிலிருந்து தை கடைசி வரை அஞ்செட்டி, ஒகேனக்கல், சின்னாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் நேரம். இருட்டோடு கிளம்பி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது சைக்கிள்காரர்களின் வழக்கம். இந்த ஒன்றரை மாதம் அதை விட்டுவிடுங்கள். பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக வரும் யானைகள், ராகி விளைந்து நிற்கும்போதும், அறுத்துப் போர் போட்ட பிறகும் இரவில் வயலுக்கு இறங்குகின்றன. பரணில் காவலிருப்பவர்கள் பட்டாசு போட்டும் தகரம் தட்டியும் விரட்டுகிறார்கள். இரவெல்லாம் விரட்டுப்பட்ட யானை எரிச்சலோடு காட்டுக்குத் திரும்புவது விடிகிற நேரத்தில். நீங்கள் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வருகிற நேரமும் அதுவாக இருக்கக் கூடாது. ஜனவரி முதல் பாதியில் சூரியன் எழவே 6.40 ஆகிறது, பனிமூட்டம் விலக இன்னும் நேரமாகும். எட்டு மணிக்கு முன் காட்டை ஒட்டிய எந்தச் சாலையிலும் இறங்க வேண்டாம். மாலை ஐந்துக்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். வெயிலைச் சாக்காகச் சொல்ல முடியாது. ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர், தை மாதத்து நடுப்பகலை அந்த உயரத்தில் தாங்கிக்கொள்ளலாம்.

லாரி வந்தால் யானைக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும். சைக்கிள் வந்தால் தெரியாது. இறக்கத்தில் மிதிக்காமல் வருகிறவர் வளைவு திரும்பினதும் யானையின் முன்னால் நிற்பார். மோட்டார் வண்டியில் போகிறவர்களைவிட நமக்கு இங்கே ஆபத்து கூடுதல் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் வருகிறவரோடு சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். தனியாகப் போகவே வேண்டாம். காதில் பாட்டு மாட்டியிருப்பவரை நான் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. எதிரே வரும் டவுன் பஸ்ஸையோ பால் வண்டியையோ கை காட்டி, வழியில் யானை நிற்கிறதா என்று கேளுங்கள். தினமும் போகிறவர்கள், சரியாகச் சொல்வார்கள்.

சாலையில் கிடக்கும் லத்தியையும் பார்க்கப் பழகுங்கள். காய்ந்து நார் நாராக உதிர்ந்திருந்தால் பழையது. ஈரம் பளபளத்து, வாசனை அடித்து, உள்ளே ராகித் தாள் தெரிந்தால் நேற்றிரவு வயலுக்குப் போய் வந்த யானை பக்கத்துப் புதரிலேயே நிற்கலாம். அங்கே நின்று போட்டோ எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள். யானையையே பார்த்துவிட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நில்லுங்கள். பெல் அடிக்காதீர்கள், கூச்சல் போடாதீர்கள். அது கடந்துபோக ஒரு மணி நேரமானாலும் காத்திருங்கள்.

அடுத்தது, எங்கே ஓட்டலாம் என்பது. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 504 சதுர கி.மீ. அதை ஒட்டி 2022-இல் வந்த காவிரி தெற்கு சரணாலயம் 686 சதுர கி.மீ. சரணாலயத்துக்குள் பொதுச் சாலை வழியாகக் கடந்து போகலாம். அதை விட்டு இறங்கும் ஒவ்வொரு மண்பாதைக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். இல்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செல்போன் வரைபடத்தில் தெரியும் அழகான கோடுகளில் பலவும் ரோந்து ஜீப் தடங்கள், மாடு மேய்க்கிறவர்களின் தடங்கள். யாரோ ஒருவர் அதில் ஓட்டி ஸ்ட்ராவாவில் ஏற்றியிருப்பதால் அது பாதையாகிவிடாது. சோதனைச் சாவடியில் ‘இன்று வேண்டாம்’ என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

ஓட்டுவதற்கு இடமா இல்லை? கெலமங்கலம், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை மூன்றுக்கும் நடுவே வயல் வரப்பையும் ஏரிக்கரையையும் ஒட்டி வண்டிப்பாதைகள் பின்னிக் கிடக்கின்றன. பாறைக் குன்று, புளியமரம், ராகிக் கொல்லை, அவரைப் பூ என்று மாறி மாறி வரும். முதல் முறை வருகிறவர்கள் இங்கே தொடங்குங்கள். அடுத்தது பஞ்சப்பள்ளி அணையிலிருந்து மாரண்டஹள்ளி வழியாகப் பாலக்கோடு வரை, சின்னாற்றை ஒட்டி ஊர் ஊராக இறங்கும் வழி. மலை இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி வரும், தரைப்பாலங்களில் இப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஓடலாம். பாசி படிந்த தரைப்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போவதை நான் சொல்லமாட்டேன். தென்பெண்ணையில் பெங்களூரிலிருந்து வரும் நுரையும் நாற்றமும் பயணத்தைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல். சாலை தார்ச்சாலைதான், இரண்டு பக்கமும் காடு. ஒகேனக்கல் ஏறக்குறைய 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது நாள் முழுக்க இறக்கம், திரும்பினால் முழுக்க ஏற்றம். ஒரே நாளில் போய் வர நினைக்காதீர்கள், ஐந்து மணிக் கணக்கு தப்பிவிடும். பொங்கல் விடுமுறையில், அதிலும் காணும் பொங்கலன்று, அந்தப் பக்கமே போகாதீர்கள். அத்தனை வண்டியும் அங்கேதான் இருக்கும்.

கிராமச் சாலைகளில் இன்னொரு சங்கதி உண்டு. அறுத்த ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ் சக்கரமே கதிர் அடித்துக் கொடுக்கும். சைக்கிளுக்கு அது பொல்லாதது. கொள்ளுக்கொடி பின்சக்கர கியருக்குள் சுருண்டு ஏறினால் இரண்டு மிதியில் ஹேங்கர் ஒடிந்துவிடும். கீழே உருளும் மணியில் முன்சக்கரம் வழுக்கும். மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல், நேராக உருண்டு போங்கள். ஆழமாகப் பரப்பியிருந்தால் இறங்கி ஓரமாகத் தூக்கிக்கொண்டு போங்கள். கிழவி யாராவது முறத்தோடு நின்றால், ‘அவ்வா, ஓரமாப் போறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அது அவர்கள் ஆண்டுச் சோறு. ஹேங்கர் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 40 மி.மீ.க்குக் குறைந்த டயர் வேண்டாம். 70 கிலோ எடைக்காரர் ட்யூப்லெஸ்ஸில் முன்னால் 32, பின்னால் 36 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். ஏரிக்கரையெல்லாம் சீமைக்கருவேல முள், சீலண்ட் காய்ந்திருந்தால் இப்போதே ஊற்றுங்கள். இறக்கத்துக்கு முன் பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள்.

வேலிக் கம்பியில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள், கையை வைக்காதீர்கள். சோலார் வேலி உதறித் தள்ளும், அவ்வளவுதான். திருட்டுத்தனமாக மின்சாரம் இழுத்த கம்பி கொன்றுவிடும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. சின்னாற்று வழியில் போகிறவர்கள் அந்த வட்டாரத்தைத்தான் கடக்கிறீர்கள்.

காவிரிக் கரையில் மருத மரங்களின் நிழல் இழுக்கும். அண்ணாந்து பார்த்தால் நரைத்த முதுகும் நீண்ட வாலுமாக மலை அணிலைக்கூடப் பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளில்லாத துறையில் இறங்கிக் குளிக்காதீர்கள், ஆற்றில் முதலை உண்டு. மேலே கர்நாடகத்தில் தண்ணீர் திறந்தால் இங்கே மட்டம் ஏறும். பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்தைக் கிளம்பும் நாள் காலைச் செய்தியில் பார்த்துவிடுங்கள். பரிசலை நிறுத்தியிருந்தால் ஆற்றின் பக்கம் போகாதீர்கள்.

தண்ணீர் இரண்டு லிட்டர், கூடுதல் ட்யூப், விசில், கையில் ரொக்கம். சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், எந்த வழியாக எத்தனை மணிக்குள் எங்கே சேருவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒகேனக்கல்லில் இரவு தங்கியவர்கள் மறுநாள் எட்டு மணிக்கு மேல் பென்னாகரம் கணவாய் ஏறுங்கள். அதுவும் யானை கடக்கிற காடுதான். தருமபுரி 46 கி.மீ. அங்கிருந்து ரயில் இருக்கிறது.