கோழிக்குக் காய்கறிக் கழிவு

புறக்கடையில் நாலைந்து கோழி வளர்ப்போர் காய்கறிக் கழிவு, மீந்த சோறு முதலியவற்றைத் தீனியாக இடுவது வழக்கம். செலவில்லாத தீனிதான், ஆனால் அது மட்டும் போதாது. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி நீரே. அதனால் வயிறு நிறையும்; முட்டை குறையும். எனவே காலையும் மாலையும் கம்பு, சோளம், தவிடு, பிண்ணாக்கு கலந்து கொடுத்து, கழிவை நடுப்பகலில் பொடியாக நறுக்கி இடுங்கள். முருங்கை, அகத்திக் கீரைகள் மஞ்சள் கருவுக்கு நிறம் தரும். கிளிஞ்சல் தூள் முட்டை ஓட்டுக்கு வலுத் தரும்.

பூசணம் பிடித்த சோறு, கடலை, பிண்ணாக்கு ஆகியவற்றைக் 'கோழிக்குத்தானே' என்று போட்டுவிடாதீர்கள். அவற்றில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு கல்லீரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் நீங்காது. 1960-இல் இங்கிலாந்தில் இந்நச்சு கலந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன.

பூசணம் கண்டதை எருக்குழியில் இடுங்கள்; கோழியும் பிழைக்கும், நிலத்துக்கும் எருவாகும்.