மங்கிய அலுமினியச் சக்கரம்

காரின் பாலிஷ் செய்த அலுமினியச் சக்கரங்கள் மங்கிவிட்டன. புளி போட்டுத் தேய்க்கலாமா?
— வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை

புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது. அலுமினியத்துக்கு வேண்டாம், அதன் அமிலம் திட்டுத்திட்டாகக் கறையாக்கிவிடும். கம்பிநாரும் கூடாது. செங்கம் சாலை வெயிலில் நின்ற வண்டியென்றால் முதலில் சக்கரம் ஆறட்டும். நிழலில் நிறுத்தி, கார் ஷாம்பு கலந்த நீரில் பிரேக் தூசியைக் கழுவுங்கள். உலர்ந்ததும் ஓரமாகக் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் கவலையே இல்லை. சக்கரம் மேற்பூச்சில்லாத வெறும் உலோகம்; மங்கல் மேலே படிந்த ஆக்ஸைடுதான். தொடர்ந்து தேயுங்கள், முகம் தெரியும். கீறல் இருந்தால் மட்டும் அதற்குமுன் 1000, 1500, 2000 என வரிசையாக வாட்டர் பேப்பரை ஈரத்தோடு போடுங்கள். துணி கறுக்கவில்லையா? சக்கரத்தின் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. அது உரிந்திருந்தால் பெயின்டிங் பட்டறையில் நீக்கச் சொல்லுங்கள். பளபளப்பு வந்ததும் அன்றே கார் வேக்ஸ் பூசிவிடுங்கள்.