கணினி சொல்லும் கணக்கு

கடலுக்குப் போகும் முன் மீனவர் வானத்தைப் பார்க்கிறார். காற்றைப் பார்க்கிறார். "இன்று வேண்டாம்" என்கிறார். எப்படிச் சொல்கிறார்? பல வருடம் பார்த்துப் பழகியதை வைத்துச் சொல்கிறார்.

இப்போது கணினியும் இப்படிக் கற்றுக்கொள்கிறது. ஆஸ்பத்திரியில்கூட அதற்கு வேலை வந்துவிட்டது.

உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பார்கள். ஐ.சி.யூ. என்றும் சொல்கிறோம். அங்கே நாடித் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் எல்லாம் அளந்து எழுதுவார்கள். 1985-இல் அமெரிக்க டாக்டர்கள் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வெளியிட்டார்கள். பெயர் அப்பாச்சே-2. உடம்பின் 12 அளவுகளைப் பார்ப்பார்கள். வயதையும் பழைய நோயையும் சேர்ப்பார்கள். மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடும். பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிர்!

அது மனிதர் வகுத்த கணக்கு. கணினி வேறு விதம். பழைய நோயாளிகள் ஆயிரக்கணக்கானவர்களின் குறிப்புகளை அதற்குக் கொடுக்கிறார்கள். யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பதும் அதில் இருக்கும். கணினி தானே கணக்கைக் கண்டுபிடிக்கிறது. புதிதாக ஒருவர் வந்தால், "நூற்றுக்கு 20 ஆபத்து" என்று சொல்லும். அதாவது, இவரைப் போன்ற 100 பேரில் சுமார் 20 பேர் இறந்திருக்கிறார்கள். இவர் அந்த 20-இல் ஒருவரா, பிழைத்த 80-இல் ஒருவரா? அது கணினிக்குத் தெரியாது.

நம் தீவுகளை நினைத்துப் பாருங்கள். கேம்பல் பேயிலிருந்து போர்ட் பிளேயர் 500 கிலோமீட்டருக்கு மேல். (2024-இல் இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) அங்கிருந்து சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். யாரை உடனே ஹெலிகாப்டரில் ஏற்றுவது? யாரை இங்கேயே வைத்துப் பார்ப்பது? நல்ல கணக்கு டாக்டருக்கு உதவும். தப்பான கணக்கு உயிரையே வாங்கிவிடும்.

நடந்த கதை ஒன்று. 1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் குறிப்புகளைக் கணினிக்குக் கொடுத்தார்கள். 78 ஆஸ்பத்திரிகள், 14,199 பேர். பல முறைகளில் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு முறையில் கணினி என்ன கற்றது தெரியுமா? ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து குறைவு!

இது எப்படி? ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா வந்தால் டாக்டர்கள் பயந்து நேராக ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். கண்ணும் கருத்துமாகப் பார்த்தார்கள். அதனால் பிழைத்தார்கள். கணினி அதைப் புரிந்துகொள்ளவில்லை. அதன் பேச்சைக் கேட்டிருந்தால், ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அந்த ஆய்வில் ரிச் கருவானா என்பவர் இருந்தார். அவருடைய முறைதான் மிகச் சரியாகக் கணித்தது. ஆனால் அது எப்படி முடிவு செய்கிறது என்று உள்ளே பார்க்க முடியாது. வேறு என்ன தப்பு ஒளிந்திருக்கிறதோ! நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றார் அவரே.

வேறு ஊர்க் குறிப்பில் படித்த கணினிக்கு நம் கப்பல் பயணம் தெரியுமா? நம் நோயாளிகளின் குறிப்பை வைத்துச் சோதித்த பிறகே இங்கே அதை நம்பலாம்.

எழுதிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் யாருக்கு ஆஸ்துமா, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உண்டு? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரிச் சீட்டோடு வையுங்கள்.