பில் போடும் கம்ப்யூட்டருக்கு எந்த பிராசஸர்?

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவர், பில் போட கம்ப்யூட்டர் வாங்க சேலம் டவுனுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் இரண்டு பிராசஸர்களைச் சொல்கிறார். பெயர் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் கடைசியில் மட்டும் 'கே' என்ற எழுத்து இருக்கிறது, விலையும் சில ஆயிரம் கூடுதல். ஏன் என்று கேட்டால், "இதை ஓவர்கிளாக் பண்ணிக்கலாமுங்க, வேகம் இன்னும் ஏறும்" என்கிறார். அந்தச் சில ஆயிரத்தைக் கொடுக்கலாமா என்பதே இந்த இதழின் பாடம்.

ஓவர்கிளாக் என்றால், கம்பெனி எழுதிக் கொடுத்த வேகத்துக்கு மேல் பிராசஸரை ஓட்டுவது. இதற்கு இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதை நம் ஊர் வணிகருக்கு விளக்குவது எளிது. ஜவ்வரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாவிலிருந்து வந்த சரக்கைச் சலித்து, பார்த்து, ரகம் பிரித்து மூட்டை கட்டுகிறோம். பிராசஸரும் அப்படித்தான். ஒரே வட்டத் தகட்டில் அச்சாகி வரும் சில்லுகளைச் சோதித்து, எது எந்த வேகத்தைத் தாங்குகிறதோ அந்த வேகத்தை அதன்மேல் எழுதுகிறார்கள். சில சமயம் முதல் ரகம் நிறைய விளைந்துவிடும், ஆர்டரோ இரண்டாம் ரகத்துக்கு இருக்கும். அப்போது நல்ல சில்லே குறைந்த வேகம் எழுதப்பட்டு விலைக்கு வரும். ஓவர்கிளாக் செய்பவர்கள் தேடுவது அந்த மூட்டையைத்தான்.

இதில் பெரிய பெயர் வாங்கியது இன்டெல் கம்பெனியின் செலரான் 300ஏ. அது 1998 ஆகஸ்டில் ஏறத்தாழ 150 டாலர் விலையில் வந்தது. அதே மாதம் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸின் விலை 670 டாலர் அளவில் இருந்தது. செலரானின் வேகம் 300 என்பது போர்டின் 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கி வருவது. அந்த நாலரையை மாற்ற முடியாதபடி கம்பெனி பூட்டியிருந்தது. ஆனால் போர்டின் 66-ஐ 100 ஆக்கினால் கணக்கு 450 ஆகிவிடும்! பெரும்பாலான 300ஏ சில்லுகள் அதைத் தாங்கவும் செய்தன. சற்றே விலை கூடிய செலரான் 333-ன் பெருக்கம் 5. அதை 100-ல் வைத்தால் 500 வரை ஏற வேண்டும், பல சில்லுகள் அங்கே திணறின. ஆக, மலிவான சரக்கே ஓவர்கிளாக்குக்கு ஏற்ற சரக்காக இருந்தது. பெயர் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்ததும் உண்டு. 'ஏ' இல்லாத வெறும் செலரான் 300-ல் இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே கிடையாது.

இந்தக் கதையில் கடைக்காரர் கவனிக்க வேண்டிய பகுதி வேறு. 100 வரை போகத் துணியாமல், "கொஞ்சமாக ஏற்றுவோம்" என்று 75-லும் 83-லும் வைத்தவர்கள் பலர். அந்நாளைய போர்டுகளில் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பாதை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். 66-ல் பாதியும், 100-ல் மூன்றில் ஒரு பங்கும் 33 ஆகும். 83-ல் பாதி என்றால் 41-க்கு மேல்! பிராசஸர் தாங்கினாலும் டிஸ்க்கில் எழுதும் விவரம் கெட்டுப்போகும் ஆபத்து இருந்தது. விளையாட்டுக்கு வைத்திருக்கும் மெஷினில் அப்படி நடந்தால் விளையாட்டை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கடன் பேரேட்டில் நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்தது சூடு. வேகம் கூடும் அளவுக்கு மின்சாரச் செலவும் கூடும். வோல்டேஜை ஏற்றினாலோ அதன் இருமடிக் கணக்கில் ஏறும். 300-ஐ 450 ஆக்கினால் ஒன்றரை மடங்கு. கூடவே 2 வோல்ட்டை 2.2 ஆக்கினால் மொத்தம் 1.8 மடங்கு. இத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலில், மிளகாய்த்தூளும் மாவுத்தூசியும் பறக்கும் கடையில், அதை வெளியேற்ற வேண்டியது ஒரு சின்ன ஃபேன். அதுவும் தூசி அடைத்த ஃபேன்.

மோசடியும் இதே வழியில்தான் நுழைந்தது. குறைந்த வேகச் சில்லின் எழுத்தை அழித்து, கூடிய வேகத்தை அச்சடித்து விற்கும் வேலை 1990-களில் பல நாடுகளில் நடந்தது. பெருக்கத்தைக் கம்பெனி பூட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய பச்சரிசியைப் புது பிராண்டு பையில் கொட்டுவதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். இப்போதைய பிராசஸர்கள் தேவைப்படும்போது தாமே வேகத்தை ஏற்றி, வேலை முடிந்ததும் இறக்கிக்கொள்கின்றன. விட்டு வைத்திருக்கும் இடம் முன்போல் அதிகம் இல்லை. இன்டெல்லில் 'கே' என்பது பூட்டுத் திறந்த சரக்கு. எழுதிய வேகமே சற்றுக் கூடுதலாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஓவர்கிளாக் செய்ய விலை கூடிய 'இசட்' வகை போர்டு வேண்டும். பெட்டியில் ஃபேனும் வராது, அதைத் தனியாக வாங்க வேண்டும். ஓவர்கிளாக்கினால் வந்த பழுதுக்கு வாரண்டி கோர முடியாது. ஏ.எம்.டி.யில் 2020-ல் வந்த ரைசன் 5 5600எக்ஸ், 2022-ல் வந்த 5600 இரண்டுக்கும் ஆறு கோர்தான். உச்ச வேகம் 4.6, 4.4 கிகாஹெர்ட்ஸ். பூட்டு இரண்டிலும் இல்லை. இந்த வித்தியாசம் பில் போடுகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வேறு எழுத்தில் இருக்கிறது. ரைசன் 5600-லும் 5600எக்ஸிலும் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இல்லை, தனி டிஸ்ப்ளே கார்டு வாங்க வேண்டும். 5600ஜி-யில் அது உள்ளேயே இருக்கிறது. இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் அது இல்லை என்று பொருள். கடைக்கு 'கே'யை விட இந்த எழுத்தே முக்கியம். நம் கம்ப்யூட்டர் பெரும்பாலும் காத்திருப்பது பிரிண்டருக்கும், ஜி.எஸ்.டி. தளத்துக்கும், சில்லறை தேடும் வாடிக்கையாளருக்கும்தான். பிராசஸருக்காக அது காத்திருப்பது அபூர்வம். மிச்சமாகும் பணத்தில் எஸ்.எஸ்.டி., நல்ல யு.பி.எஸ்., கணக்கைப் பிரதி எடுக்க இன்னொரு டிஸ்க் ஆகியவற்றை வாங்கலாம். வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்து, ஓவர்கிளாக் கற்க ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யட்டும், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்து மெஷினில் மட்டும் வேண்டாம்.

பழைய மெஷின் வாங்குவோருக்கு ஒரு சொல். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் வோல்டேஜ் அளவுக்கு மேல் போய் நாளடைவில் சில்லு பழுதாகும் கோளாறு 2024-ல் வெளியானது. கம்பெனி திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்த வகையானால் போர்டின் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யு.வை அழுத்தினால் பிராசஸரின் முழுப் பெயரும் அடிப்படை வேகமும் தெரியும். கடைசி எழுத்து உட்பட அந்தப் பெயரை அப்படியே பில்லில் எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.